“தண்ணீர் வந்தாச்சு” என்றால் எந்த ஊரில்? சூழலோடு ஒட்டிய அறிவைத் தர்க்கத்தில் எழுதுவது எப்படி?

ஓடம்போக்கி | வெள்ளி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். எனக்குத் திருவாரூர் பக்கம். அப்பாவும் அவர் வயதுக்காரர்களும் சாகுபடி பற்றிச் சொல்வதையெல்லாம் இரண்டு வருடமாக எழுதி வைத்து வருகிறேன். ஐந்து நோட்டு நிறைந்துவிட்டது. அவற்றை விதிகளாக மாற்றி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும்படி ப்ரோலாக் என்ற தர்க்க நிரல் மொழியில் ஒரு நிரல் எழுதினேன். ஐம்பது அறுபது விதி வரைக்கும் ஒழுங்காக ஓடியது. அதற்கு மேல் சேர்க்கச் சேர்க்க ஒன்றோடொன்று முட்டுகிறது.

நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்:

“தண்ணீர் வந்துவிட்டால் நாற்று விடலாம்.” மன்னார்குடிப் பெரியவர் சொன்னது.

“முதல் தண்ணீரில் நாற்று விடாதே, உப்பு வடியட்டும்.” தலைஞாயிறு பக்கத்துக்காரர் சொன்னது.

“சம்பாவுக்கு ஐந்து மாதம் வேண்டும்.” அப்பா.

“சம்பாவை அரை மணி நேரம் ஊறவைத்தால் போதும்.” அம்மா, அடுப்படியில்.

இவற்றில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் ஒரே கோப்பில் போட்டதும் “நாற்று விடலாமா?” என்ற கேள்விக்கு விடலாம், விடக்கூடாது என்று இரண்டு பதிலும் வருகிறது. சொன்னவர், சொன்ன இடம், சொன்ன நேரம் எல்லாம் என் மனதில் இருக்கிறது, நோட்டின் ஓரத்திலும் இருக்கிறது. விதிக்குள் இல்லை. அதை எப்படி உள்ளே கொண்டுவருவது? இதற்கென்று தர்க்கத்தில் முறையான வழி ஏதும் இருக்கிறதா?


மகாமகக்குளம் | வெள்ளி, இரவு 10.05

இருக்கிறது நண்பரே, எளிதான வழிதான். அட்டவணையில் இருப்பது போல ஒவ்வொரு விதிக்கும் ஊர், பருவம் என்று இரண்டு பத்தி சேர்த்துவிடுங்கள். நாற்றுவிடலாம்(மன்னார்குடி, குறுவை) ஒரு உண்மை, நாற்றுவிடலாம்(தலைஞாயிறு, குறுவை) வேறொரு உண்மை. முட்டல் தீர்ந்தது. கும்பகோணத்தில் ஒரு உரக்கடைக்கு இருப்புக் கணக்கு நிரல் இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். நான்கு வருடமாக ஓடுகிறது.


வெண்ணாற்றங்கரை | வெள்ளி, இரவு 11.20

கணிதத் துறையில் தர்க்கம் கற்பிக்கிறவன். இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தமானது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், முட்டல் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லிவிடுகிறேன். ப்ரோலாக் இரண்டு பதிலையும் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். செவ்வியல் தர்க்கம் அப்படி இருக்காது. ஒரு கூற்றும் அதன் மறுப்பும் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டால், அங்கிருந்து எதை வேண்டுமானாலும் நிறுவலாம். உங்கள் நாற்று முரணை வைத்துக்கொண்டு “மேட்டூர் அணை வேதாரண்யத்தில் இருக்கிறது” என்பதைக்கூடப் பிசகில்லாமல் நிறுவிவிட முடியும். ஒரு முரண் போதும், கோப்பு முழுவதும் பாழ்.

இனி பத்தி சேர்க்கும் யோசனை. அதையும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவின் முன்னோடி ஜான் மெக்கார்த்தி 1971-ல் டியூரிங் விருது பெற்றார். அப்போது ஆற்றிய உரையின் பொருளை வளர்த்து 1987-ல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். ‘பொதுமை’ பற்றியது அது. அதில் அவர் சொல்வது இதுதான்: நீங்கள் எந்த விதி எழுதினாலும், அது தவறாகிப்போகும் ஒரு நிலைமையை இன்னொருவர் காட்டிவிடுவார். ஊர் சேர்த்தால் மண் கேட்பார், மண் சேர்த்தால் வருடம் கேட்பார், வருடம் சேர்த்தால் ரகம் கேட்பார். பத்தி முடிவதே இல்லை. ஒவ்வொரு முறை புதுப் பத்தி சேர்க்கும்போதும் பழைய விதிகள் அத்தனையையும் திருத்தி எழுத வேண்டும்.

அவர் சொன்ன மாற்று வழி: சூழலையே ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். மண்வெட்டி, மாடு, ஊர் போல அதற்கும் ஒரு பெயர் வையுங்கள். உள்ளே என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது என்று முழுதாக விவரிக்க வேண்டியதில்லை. பிறகு இப்படி எழுதுங்கள்:

உண்மை(சூ, கூ)

“சூ என்ற சூழலில் கூ என்ற கூற்று உண்மை” என்று படிக்க வேண்டும். 1993-ல் இதை விரித்துத் தனிக் கட்டுரையாக எழுதினார். அவருடைய மாணவர் ஆர்.வி. குஹா 1991-லேயே இதை முனைவர் பட்ட ஆய்வாகச் செய்திருந்தார்.

உங்கள் நோட்டு இப்போது இப்படி ஆகும்:

உண்மை(மன்னார்குடி_ஆற்றுப்பாசனம், தண்ணீர் வந்தால் நாற்று விடலாம்)
உண்மை(தலைஞாயிறு_உப்புமண், முதல் தண்ணீரில் நாற்று விடக்கூடாது)
உண்மை(அம்மா_அடுப்படி, சம்பாவை அரை மணி நேரம் ஊறவைக்கலாம்)

எதுவும் எதோடும் முட்டவில்லை. கூற்றின் உள்ளே கை வைக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பெரியவர் சொன்னது சொன்னபடியே இருக்கிறது.


மகாமகக்குளம் | சனி, காலை 6.50

ஐயா, மன்னிக்கவும். இதற்கும் என் பத்திக்கும் என்ன வித்தியாசம்? நான் இரண்டு பத்தி சேர்த்தேன், நீங்கள் ‘சூ’ என்று ஒரே பத்தியாகச் சேர்த்திருக்கிறீர்கள்.


வெண்ணாற்றங்கரை | சனி, காலை 8.15

நியாயமான கேள்வி. இங்கேதான் பலரும் நின்றுவிடுகிறார்கள்.

வித்தியாசம் ஒன்று: சூழலுக்குள் நுழையலாம், வெளியே வரலாம். “சரி, இப்போது தலைஞாயிற்றில் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனால், அதற்கப்புறம் ஒவ்வொரு வரியிலும் ‘தலைஞாயிற்றில், தலைஞாயிற்றில்’ என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊர்க்காரர் பேசுவது போலவே வெறுமனே பேசி ஒரு முடிவுக்கு வரலாம். முடிவோடு வெளியே வரும்போது மட்டும் ‘உண்மை(தலைஞாயிறு, …)’ என்று முத்திரை குத்த வேண்டும். வகுப்பில் ‘க உண்மை என்று கொள்க’ என்று தொடங்கி, கடைசியில் ‘எனவே, க எனில் ங’ என்று முடிக்கிறோமே, அதே நடைதான்.

உள்ளே நடக்கும் பகுத்தறிதல் சாதாரணத் தர்க்கம்தான். ஒரு சூழலில் ‘க எனில் ங’ உண்மை, அதே சூழலில் க உண்மை என்றால் அங்கே ங உண்மை. ஆனால் க ஒரு சூழலிலும் ‘க எனில் ங’ வேறொரு சூழலிலும் கிடைத்தால் ஒன்றும் கிடைக்காது. இந்தத் தடைதான் உங்கள் நோட்டைக் காப்பாற்றுகிறது.

வித்தியாசம் இரண்டு, இது இன்னும் முக்கியமானது: ஒரு சூழலில் இருக்கும் சொல்லே மற்றொரு சூழலில் இல்லாமல் போகலாம். “நாற்றின் வயது 25 நாளைத் தாண்டிவிட்டதா?” என்று ஆற்றுப்பாசனக் குறுவைக்காரரிடம் கேட்டால் ஆம் அல்லது இல்லை என்பார். நேரடி விதைப்புச் செய்தவரிடம் கேட்டால்? அவரிடம் நாற்றங்காலே கிடையாது. ‘இல்லை’ என்று பதில் போட்டால் அதுவும் தவறு, ஏனென்றால் ‘இன்னும் தாண்டவில்லை’ என்று நிரல் புரிந்துகொள்ளும். அந்தச் சூழலில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. 1993-ல் சாஷா புவாச், இயன் மேசன் இருவரும் இதற்கான கூற்றுத் தர்க்கத்தை அமைத்தார்கள். ஒவ்வொரு சூழலுக்கும் அதற்கே உரிய சொற்கோவை உண்டு, அதற்கு வெளியே உள்ள சொல்லுக்கு அங்கே உண்மை மதிப்பு இல்லை என்று வைத்தார்கள். உங்கள் பத்தியில் இதை எங்கே எழுதுவீர்கள்? காலியாக விட்டால் ‘தெரியாது’ என்றாகிவிடும். இது தெரியாத விஷயம் அல்லவே.

அதே சமயம், உங்கள் உரக்கடை நிரலைக் குறை சொல்ல மாட்டேன். கேட்கப்போகும் கேள்விகள் எவை என்று முன்கூட்டியே தெரிந்த சின்ன வேலைக்குப் பத்தியே சிறந்தது. ஓடம்போக்கியின் நோட்டு அப்படிப்பட்டது அல்ல.


கடைமடை | சனி, பகல் 1.30

தர்க்கம் நான் படித்ததில்லை. வேதாரண்யம் தாலுகாவில் விவசாயம். படித்துக்கொண்டே வந்தேன், ஒன்று சொல்லத் தோன்றியது.

சில வருடம் முன்னால் என் போனுக்கு ஒரு ஆலோசனைச் செய்தி வந்தது. “பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கப்பட்டது, குறுவை நாற்றங்கால் பணியைத் தொடங்கலாம்” என்று. நம்பி, குட்டையில் கிடந்த கொஞ்சத் தண்ணீரை இறைத்து நாற்று விட்டேன். ஆற்றுத் தண்ணீர் எங்கள் வாய்க்காலைத் தொட மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. குட்டை வற்றிவிட்டது. நாற்று என் கண்ணெதிரில் கருகியது. விதைக்காசு, உழவுக்கூலி எல்லாம் போனது.

செய்தி பொய் இல்லை. தண்ணீர் திறந்தது நிஜம்தான். அணையில் திறந்தார்கள். மேட்டூரில் திறந்தால் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள் ஆகும். கல்லணையில் திறந்து, வெண்ணாற்றில் வந்து, பிரிந்து பிரிந்து எங்களிடம் வருவதற்குள் எத்தனை மதகு, எத்தனை தூர்ந்த வாய்க்கால்! அங்கே உண்மையாக இருந்தது எங்களிடம் உண்மையாக வந்து சேரவில்லை.

வாத்தியார் ஐயா சொன்ன ‘உண்மை(சூ, கூ)’ இதற்கு உதவுமா? எனக்கு வேண்டியது அங்கே உண்மையானது இங்கே எப்போது உண்மையாகும் என்பது.


வெண்ணாற்றங்கரை | சனி, மாலை 4.00

ஐயா, உங்களுக்கு நேர்ந்ததைப் படித்து மனது கஷ்டப்பட்டது. கேட்டீர்களே ஒரு கேள்வி, இந்தத் துறையின் நடு விஷயமே அதுதான்.

சூழல்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்தால் முரண் போய்விடும். ஆனால் எதுவும் எதற்கும் உதவாது, ஒவ்வொரு ஊரும் தனித் தீவாகிவிடும். அதனால் ஒரு சூழலின் உண்மையை இன்னொரு சூழலுக்குக் கொண்டுபோகும் விதிகளைத் தனியாக எழுத வேண்டும். மெக்கார்த்தியும் குஹாவும் இதைத் ‘தூக்கிச் செல்லும் விதி’ என்ற பொருளில் அழைத்தார்கள். இத்தாலியில் ட்ரெண்டோவைச் சேர்ந்த ஃபௌஸ்டோ ஜுன்கிலியா குழுவினர் ‘பால விதி’ என்றார்கள். இப்படி இருக்கும்:

உண்மை(மேட்டூர், இன்று திறந்தாச்சு) எனில் உண்மை(கல்லணை, நான்கு நாளுக்குள் தண்ணீர் வரும்)

இடது பக்கம் ஒரு சூழல், வலது பக்கம் வேறொரு சூழல். கூற்றின் சொல்லும் மாறுகிறது, ‘திறந்தாச்சு’ என்பது ‘வரும்’ ஆகிறது. உங்களுக்குச் செய்தி அனுப்பியவர்கள் இந்த விதியே இல்லாமல், மேட்டூரின் கூற்றை எல்லா ஊருக்கும் அப்படியே பரப்பியிருக்கிறார்கள்.

டக்ளஸ் லெனட் 1984-ல் தொடங்கிய சைக் என்ற பெரிய திட்டத்திலும் இதே பாடம்தான் கிடைத்தது. மனிதருக்குத் தெரிந்த சாதாரண அறிவையெல்லாம் ஒரே முரணற்ற தொகுப்பாக எழுதிவிடலாம் என்று முதலில் நினைத்தார்கள். முடியவில்லை. அப்புறம் ‘நுண்கோட்பாடு’ என்று சிறு சிறு தொகுப்புகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றும் தனக்குள் முரணில்லாமல் இருந்தால் போதும், மற்றதோடு முரண்படலாம். குஹா அந்தத் திட்டத்திலும் முன்னணியில் இருந்தவர். ஒரு சூழலை எத்தனை திசையில் அளக்க வேண்டும் என்று லெனட் 1998-ல் கணக்குப் போட்டு 12 பரிமாணம் சொன்னார். மகாமகக்குளம் நண்பரின் இரண்டு பத்திக்கு அது ஒரு பதில்.


ஓடம்போக்கி | சனி, மாலை 5.10

நம் ஊர்க்காரர்களுக்கு ‘மதகு விதி’ என்று சொன்னால் உடனே புரியும் என்று தோன்றுகிறது. வயலுக்கு வயல் வரப்பு இருக்கிறது, தண்ணீர் தானாகப் போகாது. மதகைத் திறந்தால்தான் போகும், திறந்த பக்கம்தான் போகும். இனி அப்படியே எழுதப்போகிறேன்.


சொல்லதிகாரம் | சனி, இரவு 8.30

மயிலாடுதுறையில் தமிழாசிரியை. ஓடம்போக்கி தம்பியின் இரண்டு ‘சம்பா’வைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு சொல் பல பொருள்பட்டால் எதை வைத்துத் தெளிவது என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் விதி இருக்கிறது: “வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும் தேறத் தோன்றும்.” வினை, இனம், சார்பு என்று மூன்று. ‘சம்பா நட்டாச்சு’ என்றால் நடுதல் என்ற வினை பருவத்துப் பயிரைக் காட்டுகிறது. ‘சம்பாவும் பொன்னியும் என்ன விலை?’ என்றால் பக்கத்தில் நிற்கும் இனம் அரிசியைக் காட்டுகிறது. மளிகைக் கடையில் ‘சம்பா ரவை’ என்றால் கோதுமை. வினையும் இனமும் கைகொடுக்காத இடத்தில் சார்பு, அதாவது பேசுகிறவர் எங்கே எந்த நிலையில் இருந்து பேசுகிறார் என்பது. உரையாசிரியர்கள் காட்டும் ‘மா’ என்ற சொல்லுக்கு மரம், விலங்கு என்று பொருள் உண்டு. நம் தஞ்சைப் பக்கம் இன்னொன்றும் உண்டு: நிலம். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி.

ஆனால் ஐயா, எல்லாவற்றையும் ஒரே ‘சூ’வில் அடைப்பது சரியா என்று எனக்கு ஐயம் இருக்கிறது. ஆற்றங்கரையைச் சொல்ல நம்மிடம் எத்தனை வகைச் சொல் இருக்கிறது பாருங்கள். வடகரை, தென்கரை என்றால் யார் எங்கிருந்து சொன்னாலும் ஒன்றுதான். வலக்கரை, இடக்கரை என்றால் தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும், அதன் பிறகு மாறாது. அக்கரை, இக்கரை என்றால் பேசுகிறவர் ஆற்றைக் கடந்ததுமே மாறிவிடும். ‘அக்கரை’க்குப் பொருள் மாறுகிறது என்று சொல்லலாமா? அகராதிப் பொருள் மாறவே இல்லை, சுட்டும் இடம்தான் மாறுகிறது. ‘மா’வில் பொருளே வேறு. ‘தண்ணீர் வந்தாச்சு’ மூன்றாவது வகை, அங்கே சொல்லாமல் விட்ட ஊர்ப்பெயர் ஒன்று மறைந்து நிற்கிறது. மூன்றும் மூன்று நோய். ஒரே மருந்தா?


வெண்ணாற்றங்கரை | சனி, இரவு 10.45

அம்மா, நீங்கள் அக்கரையைப் பற்றிச் சொன்னதை மெய்யியலில் டேவிட் கேப்லன் இதே போலப் பிரித்திருக்கிறார். சொல்லோடு ஒட்டிய மாறாத விதி ஒன்று, அந்த விதி குறிப்பிட்ட நேரத்தில் தரும் உள்ளடக்கம் வேறொன்று. நான், இங்கே, நாளை, அக்கரை எல்லாம் இந்த வகை. ஒரே மருந்து போதாது என்று அவர் பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வார்கள்.

நான் இதில் மெக்கார்த்தி பக்கம் நிற்கிறேன். காரணம் நடைமுறை. நோட்டில் ஒரு கூற்றை எழுதும் நேரத்தில் அது எந்த வகை என்று எனக்குத் தெரிவதே இல்லை. நம் ஊர்களில் சொல்லும் ‘மேலத் தெரு, கீழத் தெரு’வையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு என்றால் மேடு, கிழக்கு என்றால் பள்ளம். டெல்டாவில் பெரும்பாலான ஆறுகள் கிழக்கே கடலுக்கு ஓடுவதால் ‘மேலே’ என்று சொன்னால் மேற்கு, மேட்டுப்பக்கம், தண்ணீர் வரும் பக்கம் மூன்றும் ஒன்றாகவே இருக்கிறது. இங்கே பிறந்தவனுக்கு அது சூழல் சார்ந்த உண்மை என்றே தோன்றாது, உலக நியதி போலத் தோன்றும். குமரி மாவட்டத்துக் குழித்துறை ஆற்றங்கரையில் போய் நின்றால் தண்ணீர் மேற்கே ஓடி அரபிக்கடலில் சேர்கிறது. அங்கே நின்ற பிறகுதான் நாம் சொல்லாமல் விட்டது என்ன என்று தெரிகிறது. முன்கூட்டியே வகை பிரித்துவிட்டு எழுதத் தொடங்கலாம் என்றால், அந்த அறிவு நமக்கு முன்கூட்டியே இருக்க வேண்டும். சூழலுக்குப் பெயர் வைத்து உள்ளே போட்டுவிட்டால், குழித்துறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.


சொல்லதிகாரம் | ஞாயிறு, காலை 7.20

எழுதும்போது தெரியாது என்பது சரி. ஆனால் எடுத்துச் செல்லும்போது தெரிந்தாக வேண்டுமே. ‘மா’வை எடுத்துச் செல்ல அளவை மாற்ற வேண்டும். ‘அக்கரை’யை எடுத்துச் செல்லப் பேசியவர் நின்ற இடம் வேண்டும். ‘தண்ணீர் வந்தாச்சு’ என்பதை எடுத்துச் செல்ல நாள் கணக்கு வேண்டும். மதகு மூன்று வகை என்றால் நோயும் மூன்று வகைதான். நான் என் கருத்திலேயே இருக்கிறேன் ஐயா.


மகாமகக்குளம் | ஞாயிறு, காலை 9.00

பத்தி பற்றி நான் சொன்னதை முழுதாகத் திரும்பப் பெறவில்லை. ஆனால் நாற்றங்கால் இல்லாத வயலிடம் நாற்றின் வயதைக் கேட்பது என்ற உதாரணம் இரவெல்லாம் மனதில் ஓடியது. என் உரக்கடைக் கணக்கிலேயே அந்தப் பிழை இருக்கிறது. பை கணக்கில் விற்கும் உரத்துக்கும் லிட்டர் கணக்கில் விற்கும் மருந்துக்கும் ஒரே பத்தி வைத்துவிட்டுப் பூஜ்யம் போட்டு நிரப்பி வருகிறேன்.

இப்போது என் கேள்வி வேறு. இதற்கெல்லாம் சூழல் எதற்கு, விதிவிலக்கு என்று வைத்தால் போதாதா? ரேமண்ட் ரைட்டர் 1980-ல் தந்த இயல்புநிலைத் தர்க்கம் இருக்கிறது. ‘பறவை என்றால் பறக்கும், மாறாகத் தகவல் வராதவரை’ என்ற வகை. ‘தண்ணீர் வந்தால் நாற்று விடலாம், உப்பு மண் என்று தகவல் வராதவரை’ என்று எழுதினால் முடிந்தது.


வெண்ணாற்றங்கரை | ஞாயிறு, காலை 11.30

இரண்டும் வேறு. இரண்டும் வேண்டும்.

“மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கும்.” இது இயல்புநிலை. 2019-ல் ஆகஸ்ட் 13-ல் திறந்தார்கள், 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். அவை விதிவிலக்கு. ‘திறக்கும்’ என்ற சொல்லின் பொருள் எந்த வருடமும் மாறவில்லை, எதிர்பார்ப்புதான் பொய்த்தது.

“மூன்று மா ஒரு ஏக்கர்.” இங்கே 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, அதாவது 14,400 சதுர அடி, 33 சென்ட். குழியின் அளவு வேறாக இருக்கும் வட்டாரத்தில் இந்தக் கணக்கு வேறு. அந்த ஊரை ‘விதிவிலக்கு’ என்று சொன்னால், நம் ஊர் அளவுதான் உலகத்து அளவு, மற்றவர்கள் பிறழ்ந்தவர்கள் என்று ஆகிறது. கடைமடை ஐயாவின் நிலத்தை ‘உப்பு என்ற விதிவிலக்கு’ என்று எழுதுவதும் அதேதான். அவருக்கு உப்பு இயல்பு. அவருடைய சூழலில் நன்னீர் நிலம்தான் விதிவிலக்கு. யாரை நடுவில் வைப்பது என்பதைத் தர்க்கம் முடிவு செய்யக் கூடாது.

ஆனால் மதகு விதிகளுக்கு உங்கள் இயல்புநிலை கட்டாயம் வேண்டும். கெர்ஹார்ட் ப்ரெவ்கா, தாமஸ் ஐட்டர் இருவரும் 2007-ல் இதைச் செய்தார்கள். பால விதிக்குள்ளேயே ‘இது நிறுவப்படாதவரை’ என்ற நிபந்தனையை வைக்கலாம் என்றார்கள். ஒவ்வொரு சூழலும் வெவ்வேறு தர்க்கத்தில்கூட இருக்கலாம். இப்படி:

உண்மை(கல்லணை, திறந்தாச்சு), மேலும் உண்மை(வாய்க்கால், தூர்ந்திருக்கிறது) என்பது நிறுவப்படவில்லை எனில் உண்மை(கடைமடை, தண்ணீர் வரும்)

எல்லாச் சூழல்களும் சேர்ந்து ஒரு சமநிலைக்கு வந்தால், அதாவது ஒவ்வொன்றின் முடிவும் மதகு விதி வழியே மற்றவற்றிலிருந்து வந்ததோடு ஒத்துப்போனால், அதுவே விடை. சில நேரம் இரண்டு சமநிலை வரும், சில நேரம் ஒன்றுமே வராது. வராவிட்டால் எந்த மதகு விதி கோளாறு என்று தேட வேண்டும்.


ஓடம்போக்கி | ஞாயிறு, பகல் 12.15

ஐயா, ஒரு சந்தேகம். எல்லாச் சூழலுக்கும் மேலே நின்று எல்லாவற்றையும் பார்க்கிற ஒரு சூழல் இருக்கிறதா? ‘உண்மை(சூ, கூ)’ என்ற வரியையே யார் சொல்கிறார்கள்?


வெண்ணாற்றங்கரை | ஞாயிறு, பகல் 2.40

மெக்கார்த்தியின் பதில்: அந்த வரியும் ஒரு சூழலில்தான் சொல்லப்படுகிறது. அதற்கு வெளியே இன்னொன்று உண்டு, அதற்கும் வெளியே இன்னொன்று. எல்லாவற்றுக்கும் கடைசி வெளியே உள்ளது என்று ஒன்று கிடையாது. தேவைப்படும்போது ஒரு படி வெளியே வந்து நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

ட்ரெண்டோக்காரர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். வெளியே வரவே வேண்டாம் என்றார்கள். நீடாமங்கலம் மூணாறு தலைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வெண்ணாறு அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. கோரையாற்று ஷட்டரில் ஒருவர், பாமணியாற்று ஷட்டரில் ஒருவர். அவரவர் ஷட்டர்தான் அவரவருக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அடைத்திருக்கிறது, பாதி திறந்திருக்கிறது, முழுதும் திறந்து தண்ணீர் ததும்பப் போகிறது என்று ஒவ்வொருவர் பக்கமும் மூன்று நிலைமை சாத்தியம். ஆனால் மேலிருந்து வரும் தண்ணீர் ஒன்றே. அது குறைவான நாளில் ‘இங்கேயும் ததும்புகிறது, அங்கேயும் ததும்புகிறது’ என்ற ஜோடி நடக்காது. அந்த ஜோடியை அடித்துவிடுங்கள். மீதமுள்ள ஜோடிகளை வைத்துக்கொண்டே, தன் ஷட்டர் ததும்புவதை மட்டும் பார்த்து ‘அங்கே ததும்பாது’ என்று இவர் சொல்லிவிடலாம். பாலத்தின் மேல் நின்று இரண்டையும் பார்க்கும் மூன்றாவது ஆள் தேவையே இல்லை.

கியாரா கிதினியும் ஜுன்கிலியாவும் 2001-ல் இதற்குப் பொருண்மை விளக்கம், அதாவது கூற்று எப்போது உண்மையாகும் என்ற விளக்கம், அமைத்தார்கள். கொள்கை இரண்டே இரண்டு. பகுத்தறிதல் அந்தந்த இடத்தில் நடக்கும். இடங்களுக்கு இடையே ஒத்துப்போதல் இருக்கும். அவர்கள் தந்த உதாரணம் ஒரு பெட்டியை முன்னாலிருந்து ஒருவரும் பக்கவாட்டிலிருந்து ஒருவரும் பார்ப்பது. 2004-ல் செராஃபினியும் பூகேயும் மெக்கார்த்தி வழி, ட்ரெண்டோ வழி என்ற இரு சிந்தனைப் பள்ளிகளையும் ஒப்பிட்டு, புவாச், மேசன் தர்க்கத்தை இந்த அமைப்புக்குள் அடக்கிக் காட்ட முடியும் என்று நிறுவினார்கள்.

உங்கள் வேலைக்கு நான் ட்ரெண்டோ வழியைத்தான் சொல்வேன். ஐந்து நோட்டுக்கும் மேலே நின்று பார்க்கிற ஆள் நீங்கள் அல்ல, நானும் அல்ல.


கடைமடை | ஞாயிறு, இரவு 7.50

ஷட்டர் கதை நன்றாகப் புரிந்தது. நாங்கள் போனில் செய்வது அதுதான். எனக்கு மேலே மூன்று ஊரில் ஆள் இருக்கிறார்கள். “உங்க பக்கம் பாசி அடிச்சிக்கிட்டு வருதா, தெளிஞ்சு வருதா?” என்று கேட்பேன். பாசியும் குப்பையுமாக வந்தால் இப்போதுதான் புதுத் தண்ணீர் தொட்டிருக்கிறது. தெளிந்துவிட்டது என்றால் எனக்கு இன்னும் நாலு நாள். அவர் தன் வாய்க்காலைத்தான் சொல்கிறார், என் வாய்க்கால் அவருக்குத் தெரியாது. நான் அதை என் ஊருக்கு மாற்றிக்கொள்கிறேன்.

தம்பி, நீ எங்களிடம் வந்து ‘என்ன செய்வீங்க?’ என்றுதான் கேட்டு எழுதியிருப்பாய். ‘மேலே இருக்கிறவர் சொன்னதை எப்படி எடுத்துக்குவீங்க?’ என்று கேட்டிருக்கிறாயா?


ஓடம்போக்கி | ஞாயிறு, இரவு 9.30

இல்லை ஐயா. ஒருவரிடம்கூடக் கேட்கவில்லை. ஐந்து நோட்டிலும் வயல்கள்தான் இருக்கின்றன, மதகு ஒன்றுகூட இல்லை.


ஓடம்போக்கி | புதன், இரவு 10.10

மூன்று நாள் உட்கார்ந்து நிரலைப் பிரித்து எழுதினேன். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மாட்யூல். உள்ளே அந்த ஊர்ச் சொல், அந்த ஊர் விதி மட்டும். வெளியே ‘மதகு’ என்று தனிக் கோப்பு. அடுப்படிச் சம்பாவுக்கும் வயல் சம்பாவுக்கும் நடுவில் மதகே வைக்கவில்லை, அதுவும் சரியாக வேலை செய்கிறது. சொல்லதிகாரம் டீச்சர் சொன்னபடி மதகுகளை அளவை மாற்றம், சுட்டு மாற்றம், நாள் மாற்றம் என்று மூன்றாகவே எழுதினேன். வாத்தியார் ஐயா கோபிக்க வேண்டாம், நிரலில் அதுதான் எளிதாக வந்தது.

“தண்ணீர் திறந்தாச்சு, நாற்று விடலாமா?” என்று கேட்டேன். முன்பு இரண்டு பதில் வந்த இடத்தில் இப்போது “எங்கே திறந்தது? நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள்?” என்று திரும்பிக் கேட்கிறது. மேட்டூர், மன்னார்குடி என்று கொடுத்தால் நாள் கணக்குச் சொல்கிறது. மேட்டூர், வேதாரண்யம் என்று கொடுத்தால் “வழியில் 4 மதகுக்கு விதி இல்லை” என்று நிற்கிறது.


வெண்ணாற்றங்கரை | புதன், இரவு 11.00

கோபம் ஏது! நிற்கிறதே, அது போதும். அந்தச் செய்தியை அனுப்பிய நிரலும் இப்படி நின்றிருந்தால் ஐயாவின் நாற்று பிழைத்திருக்கும்.


கடைமடை | வியாழன், காலை 5.40

அந்த நாலு மதகையும் எனக்குத் தெரியும். முதல் மூன்றுக்கு நாள் சொல்லிவிடலாம். நாலாவது, காற்று தெற்கே இருந்து அடிக்கிற வாரத்தில் ஒரு மாதிரி, இல்லாத வாரத்தில் ஒரு மாதிரி, ஏனென்றால் கடல் ஏறி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடு தம்பி. கரையிலேயே நடந்து பார்த்துவிடலாம்.